நிறை குறைந்ததே காரணம்

பிள்ளைகளே, தெருவில் நீங்கள் இருவரும் பரப்பிக்கொண்டிருக்கும் கதை என் காதுக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம், "எங்கப்பா ஃபார்முலா எழுதிக் குடுத்து வேலையக் காப்பாத்திக்கிட்டாரு" என்று பெரியவள் சொல்லியிருக்கிறாள். சின்னவன் அதற்கும் ஒரு படி மேலே போய், முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கை கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறான். முதலாளி எழுந்தது உண்மை. ஏன் எழுந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேற்று டீச்சரம்மா என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். பத்தாவதில் அறிவியல் தவறியவனுக்கு ஒரு டீச்சரம்மா அப்படிச் சிரிப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு நீங்களே போய் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் சின்னவன் "கில்ன் டிபார்ட்மென்ட்" என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி தள்ளுகிறேன் என்பது அதன் தமிழாக்கம். இரும்புச் சக்கரம் வைத்த தட்டையான வண்டி, கீழே தண்டவாளம், எதிரே சூளை. வண்டியின் மேல் மண்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சுட வேண்டிய பீங்கான் சாமான் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும். சுடுவதற்கு முன்னால் அது அப்பளத்தைவிடக் கொஞ்சம் உறுதி, அவ்வளவுதான். மூன்று பேர் வண்டியின் பின்னால் நின்று அதைச் சூளைக்குள் தள்ளுவோம். நான் ஒருவன். நல்லூர்க்காரர் ஒருவர். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி சூளைக்குள் போய்விடும் என்பதால் குறிச்சி என்று சுருக்கிவிட்டோம்.

மூன்று பேர் மூன்று நேரத்தில் தள்ளினால் வண்டி அசையாது, இடுப்புதான் அசையும். அதனால் ஒருவன் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பதவி பல வருடமாக என்னுடையது. "தோளக் குடு" என்பேன். மூன்று தோள்களும் இரும்புத் தகட்டில் சாயும். அடுத்து "ஹேய்!" என்பேன். அந்த ஹேய்க்குத்தான் வண்டி கிளம்பும். கம்பெனியில் என் பேச்சுக்கு ஒரு பொருள் நகர்ந்தது என்றால் அது அந்த வண்டி மட்டும்தான்.

எங்கள் வண்டியில் எப்போதும் போவது ஃப்யூஸ் கட்டை. உள்ளும் புறமும் கெட்டியான பீங்கான், கல் மாதிரி கனம். அன்று வந்தது வாத்து. யாரோ ஒரு ஓட்டல்காரர் தோட்டத்தில் நிறுத்தி வைக்க வாத்து பொம்மை கேட்டிருந்தாராம். களிமண் கூழை அச்சில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். வாத்தின் உள்ளே ஒன்றுமே இருக்காது. காலையில் அடுக்குகிற பெண்கள் பக்கம் போனபோது ஒரு வாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"என்னாம்மா இது, காத்து மாதிரி இருக்குது?"

"தூக்கிப் பாத்துட்டீங்கல்ல, கீழ வச்சிட்டுப் போங்க அண்ணே. மூக்கு ஒடிஞ்சா எங்க தலையில விழும்."

வைத்துவிட்டு வந்தேன். இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தெருவில் சொல்லும் கதையில் இது இல்லை. நான் உங்களிடம் சொல்லவில்லை, அதனால் இல்லை.

டீ குடித்துவிட்டு வந்தோம். அதே வண்டி, அதே மண்பெட்டி, அதே உயரம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே கட்டையா வாத்தா என்று தெரியாது. "தோளக் குடு" என்றேன். கொடுத்தார்கள். பல வருடமாக எந்தப் பலத்தோடு கத்துவேனோ அதே பலத்தோடு "ஹேய்!" என்றேன். மூவரும் எந்தப் பலத்தோடு தள்ளுவோமோ அதே பலத்தோடு தள்ளினோம்.

வண்டி வழக்கமாக முனகிக்கொண்டுதான் கிளம்பும். அன்று முனகவில்லை. கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. வண்டி முன்னால் போய்விட்டது. மேலே இருந்த பெட்டிகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அவை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்து, எங்கள் பக்கமாகச் சரிந்தன. மூவரும் பின்னால் குதித்தோம். நல்லூர்க்காரரின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி முதல் பெட்டி விழுந்தது. பிறகு மற்றவை வரிசையாக, ஒருவரையொருவர் முந்தாமல், ரேஷன் கடையில்கூடப் பார்க்க முடியாத ஒழுங்கோடு விழுந்தன.

புழுதி அடங்கியதும் குறிச்சி குனிந்து ஒரு மூக்கைப் பொறுக்கி எடுத்தார்.

"வாத்த எண்ண முடியாது. வேணும்னா மூக்கப் பொறுக்கி எண்ணிக்கலாம்."

சூப்பர்வைசர் ஓடி வந்தார். மனிதர் கெட்டவர் அல்ல. எதையும் யோசித்துத்தான் பேசுவார். யோசிக்காமல் பேசினால் இவ்வளவு தப்பாகப் பேச முடியாது.

"ஏன்யா, ஃப்யூஸ் கட்டைய மூட்ட மூட்டையா ஏத்தி வுடுறோம், ஒண்ணு விழுந்ததில்ல. பாதிக் கனங்கூட இல்லாத வாத்துய்யா! இதத் தள்ளத் தெரியாதவன் முழு வண்டிய எப்பிடித் தள்ளுற?"

"அதாங்க எங்களுக்கும் புரியல" என்றார் நல்லூர்க்காரர், பாதத்தைத் தடவிக்கொண்டே.

"புரியலயா? பெட்டி எந்தப் பக்கம் விழுந்து கெடக்குது பாரு. பின்னால! முன்னால தள்ளுனா முன்னாலதான விழணும்? பின்னால விழுந்திருக்குதுன்னா என்னா அர்த்தம்? நீங்க வண்டியப் புடிச்சி இழுத்திருக்கீங்க!"

சூளை முன்னால் இருக்கும்போது வண்டியைப் பின்னால் இழுக்க எங்களுக்கு என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. குரல் கொடுத்தவன் நான் என்பதால் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில வெளக்கக் கடுதாசி எழுதிக் குடு. முதலாளிக்கு அது சரின்னு படலன்னா, திங்கக்கெழமையிலேருந்து நீ மண்ணு அரைக்கிற கொட்டாய்க்குப் போயிடு."

அந்தக் கொட்டகையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கல்லும் மண்ணும் அரைபடும் இடம். உள்ளே போகிற ஆள் கறுப்பாகப் போய் வெள்ளையாக வருவான். எனக்கு இளைப்பு உண்டு. முன்பு ஒரு தடவை பத்து நாள் ஆள் இல்லை என்று என்னை அங்கே போட்டார்கள். அந்தப் பத்து நாளும் நான் படுத்துத் தூங்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். அதனால்தான் அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் உங்கள் அம்மா உலையைக்கூட வைக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கால்ல விழச் சொன்னாலும் விழுங்க. அந்தக் கொட்டாய் மட்டும் வேணாம்."

"கடுதாசிதான் கேக்குறாங்க. காலு கேக்கல."

"அப்ப நல்லா எழுதுங்க. நீங்க எழுதுனா ‘வண்டி விழுந்தது, வாத்து ஒடைஞ்சது, இப்படிக்கு’ன்னு முடிச்சிடுவீங்க."

அப்போதுதான் பெரியவளே, நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாய். பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் எதுவும் விழாது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாய். காய்கறி வாங்கி வரச் சொன்னால் விழாது. நான் கொட்டகைக்குப் போகப்போவது மட்டும் ஒரு சொல் விடாமல் விழுந்திருந்தது.

"அப்பா, இது எங்க பாடம்ப்பா."

"என்னாது, வாத்தா?"

"இல்லப்பா. விசை. விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம்." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாய். "நீங்க மூணு பேரும் தள்ளுனீங்கல்ல, அது விசை. வண்டியும் பெட்டியும் வாத்தும் சேந்து எவ்வளவு சரக்கோ, அது நிறை. வண்டி எவ்ளோ சீக்கிரமா வேகம் புடிக்குதோ, அது முடுக்கம்."

"நிறைன்னா கனந்தான?"

"கனம் வேற, நிறை வேறப்பா. நிலாவுக்குப் போனா கனம் கொறைஞ்சிடும். நிறை கொறையாது."

"நம்ம வண்டி நிலாவுக்குப் போவல. சூளைக்குத்தான் போவுது."

சின்னவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாய். விசை இருபது என்று வைத்துக்கொள்வோம். நிறை பத்து என்றால் முடுக்கம் இரண்டு. அதே இருபது விசையை வைத்துக்கொண்டு நிறையை ஐந்தாக்கினால் முடுக்கம் நான்கு. தள்ளுகிறவன் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. சரக்கு பாதியானதும் துள்ளல் இரட்டிப்பாகிவிட்டது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உரசல் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கழித்த பிறகு மிஞ்சும் விசையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றாய். சரக்கு குறைந்தால் உரசலும் குறையும், அதனால் உண்மையில் இரட்டிப்புக்கும் மேலேயே போயிருக்கும் என்றாய். அப்புறம் பெட்டிகள் ஏன் பின்னால் விழுந்தன என்று கேட்டேன். பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று திருப்பிக் கேட்டாய். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவன் நான். பதில் தெரியும். அதற்குப் பெயர் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

எனக்குச் சந்தோஷத்தில் இளைப்பே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. தப்பு என்மேல் இல்லை, பாடப் புத்தகத்தின் மேல் இருக்கிறது! இருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதியில் நிறுத்திக் கேட்டாய்.

"வண்டியில வாத்து இருக்குதுன்னு ஒங்களுக்கு யாராவது சொன்னாங்களாப்பா?"

"யாரும் சொல்லல" என்றேன்.

அது பொய் இல்லை. யாரும் சொல்லவில்லை. நானேதான் கையில் எடுத்துப் பார்த்தேன். நீ அதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை, அன்றைக்குப் பார்த்தா வரும்? ஆக, கடிதம் இப்படி முடிந்தது:

"ஐயா, சூளை வண்டியில் ஏற்பட்ட சேதத்துக்கு நிறை குறைந்ததே காரணம். விசையில் எந்த மாற்றமும் இல்லை. முடுக்கம் இரு மடங்கானதால் பெட்டிகள் சரிந்தன. நிறை குறைந்த விவரம் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

உங்கள் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒண்ணும் புரியல. ரொம்ப நல்லா இருக்குது" என்றாள். ஒரு விளக்கக் கடிதத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்று நம்பி, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

முதலாளியின் அறைக்குள் நான் அதற்கு முன் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், இரண்டும் ஆயுத பூஜைப் பொரி வாங்க. மனிதர் நல்ல ஆகிருதி. முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே சந்து விட்ட, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் உட்காரும் இடத்தில் எப்போதும் ஒரு துண்டை மடித்துப் போட்டிருப்பார். பக்கத்துச் சுவர் ஓரமாக ஒரு கண்ணாடி இல்லாத அலமாரி, அதில் கம்பெனியில் செய்கிற சாமான்களின் மாதிரிகள். சூப்பர்வைசர் மேசை ஓரமாகக் கை கட்டி நின்றார். என் கடிதம் மேசையில் கிடந்தது. சில சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"வாப்பா. நிறை கொறைஞ்சதுதான் காரணம்னு எழுதியிருக்க. யாரு நிறை கொறைஞ்சிது? என்னுதா, இவருதா?"

நான் பேசுவதற்குள் சூப்பர்வைசர் குனிந்து விளக்கம் சொன்னார். "கம்பெனியில நிறை கொறைஞ்சி குறை கூடிப்போச்சின்னு சொல்ல வராங்க, முதலாளி."

"ஐயோ, இல்லீங்க" என்றேன்.

"இரு. விசையில் எந்த மாற்றமும் இல்லை. அப்ப எப்பவும் இதே விசையாத்தான் வண்டிய ஓட்டுறீங்களா? மெதுவாத் தள்ளுன்னு செவத்துல எழுதிப் போட்டிருக்குதே, யாருக்கு?"

"விசைன்னா வேகம் இல்லீங்க…"

"விசையா வந்தான், விசையா போனான்னு சொன்னா வேகம் இல்லாம பின்ன என்னா? சரி, அத வுடு. அடுத்ததுதான் எனக்குப் புடிக்கல." கடிதத்தைக் கையில் எடுத்தார். குரல் இறங்கியது. "முடுக்கம் ரெண்டு மடங்காச்சுன்னு எழுதியிருக்க. யாருப்பா முடுக்குனது?"

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன்.

"அதத்தான் நானும் கேக்குறேங்க" என்றார் சூப்பர்வைசர். "பசங்களா இந்த மாதிரி எழுத மாட்டாங்க. வெளியாளு எவனோ முடுக்கி வுட்டிருக்கான். அதுவும் ரெண்டு மடங்கா முடுக்கியிருக்கான்."

"நல்லூர்க்காரனா?" என்றார் முதலாளி.

நல்லூர்க்காரர் வெளியே, அடிபடாத பாதத்தில் வெறுமனே ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, அனுதாபத்துக்காக உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே இழுத்துவிட்டால் நிஜமாகவே யாராவது முடுக்கியதாக ஆகிவிடும். நான் அவசரமாகச் சொன்னேன்.

"முதலாளி, இதெல்லாம் பாடப் பொஸ்தகத்துல இருக்குற வார்த்தைங்க. பத்தாவது அறிவியலு. எம் பொண்ணு படிக்குதுங்க."

"பத்தாவது பொஸ்தகத்துல நம்ம கம்பெனியப் பத்தி எழுதியிருக்குதா?"

"இல்லீங்க. எல்லா வண்டியப் பத்தியும் எழுதியிருக்குது. ஒரே அளவா தள்ளுனா, கனமான வண்டி மெதுவா கெளம்பும். லேசான வண்டி வெடுக்குன்னு கெளம்பும். வெடுக்குன்னு கெளம்புனதால மேல இருந்த பெட்டி பின்னால சாஞ்சிடுச்சி. அவ்ளோதாங்க."

"இத எழுத ஒரு பக்கமா?" என்றார் முதலாளி.

ஆனால் அவர் எதையும் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. லாரியில் வரும் மண்ணையே ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வார். நாற்காலியை மேசையிலிருந்து நகர்த்திக்கொண்டு வந்து நடுவில் நின்றார். நின்றார் என்றால் உட்கார்ந்தபடியே நின்றார்.

"தள்ளு பாக்கலாம்."

நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"நீ இல்ல. நீ ஒனக்குத் தோதாத் தள்ளுவ." சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "நீ தள்ளுய்யா."

சூப்பர்வைசர் நாற்காலி முதுகைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். நாற்காலி முனகியது. முதலாளி ஒரு முழத் தூரம், சாமி ஊர்வலம் மாதிரி, நிதானமாக நகர்ந்து நின்றார்.

"சரி." முதலாளி எழுந்தார். சின்னவனே, அவர் எழுந்தது இதற்குத்தான். "இப்ப அதே மாதிரி தள்ளு. அதே பலம்."

சூப்பர்வைசர் வேலையில் நேர்மையானவர். அதே பலத்தோடு தள்ளினார். நாற்காலி அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் அலமாரியில் மோதியது. மேல் தட்டிலிருந்த ஒரு கோப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நன்றாக யோசித்து, கீழே விழுந்து உடைந்தது.

முதலாளி கோப்பையைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரின் காலைப் பார்த்தார். நாற்காலியில் போட்டிருந்த துண்டு முதுகுச் சந்து வழியாக நழுவி அங்கே கிடந்தது. நாற்காலி போனது முன்னால், துண்டு விழுந்தது பின்னால்.

"துண்டு ஏன்யா ஒன் காலுகிட்ட கெடக்குது? நீ இழுத்தியா?"

"இல்லீங்க."

"நான் எழுந்திரிச்சது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க, முதலாளி. நேருக்கு நேரா பாத்தேன்."

"பாத்தும் ஏன் அதே பலத்துல தள்ளுன?"

"நீங்கதாங்க அதே பலம்னு…"

"நான் சொன்னா? ஆளு எழுந்துட்டான், நாற்காலி காலின்னு ஒங் கைக்குத் தெரிய வேணாம்?"

பிள்ளைகளே, கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் நீங்கள் தெருவில் சொல்வதுதான் சரி. ஃபார்முலா ஜெயித்துவிட்டது. சூப்பர்வைசர் காதெல்லாம் சிவந்து நிற்கிறார். கொட்டகைக்கு நான் போக வேண்டியதில்லை. ஆனால் முதலாளி என் பக்கம் திரும்பினார். கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தெரிவிக்கப்படவில்லைன்னு எழுதியிருக்க. வண்டியில வாத்துன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பு முழுவதும் சூப்பர்வைசர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே ஒரு கோப்பையை உடைத்த தலை, இன்னும் கொஞ்சம் தாங்கும். அடுக்குகிற பெண்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. வெளியே மண் அரைக்கிற சத்தம் அந்த அறை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. தொண்டையில் புழுதி இருக்கிற மாதிரி இருந்தது, அது இன்னும் வராத திங்கட்கிழமையின் புழுதி.

ஆனால் சற்று முன்புதான் ஒரு மனிதர் என் எதிரில் ‘பாத்தேன், பாத்துட்டும் தள்ளிட்டேன்’ என்று சொல்லிவிட்டு நிற்கிறார். அந்த ஃபார்முலாவில் இருப்பது மூன்று. நிறை அடுக்குகிறவர்கள் கையில் இருக்கிறது. முடுக்கம் யார் கையிலும் இல்லை, மற்ற இரண்டும் சேர்ந்து பெறுகிற பிள்ளை அது. விசை ஒன்றுதான் என்னுடையது. ‘விசையில் எந்த மாற்றமும் இல்லை’ என்று கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள அதைவிடத் தெளிவான வாக்கியம் தமிழில் கிடையாது. மாற்றியிருக்க வேண்டியதே அதைத்தான்.

"தெரியுங்க" என்றேன். "காலையில கையில எடுத்துப் பாத்தேன். காத்து மாதிரி இருந்துச்சி."

"அப்ப இந்தத் தெரிவிக்கப்படவில்லை?"

"தெரிவிக்கலங்க. ஆனா தெரியும்."

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். முதலாளி போய் நாற்காலியை இழுத்து, துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பத்தாவது பொஸ்தகத்த வூட்டுல வையி. ஒனக்கு வர்ற தமிழுல இங்கயே ஒக்காந்து எழுது."

நின்றபடியே எழுதினேன். "வண்டியில் வாத்து இருப்பது எனக்குத் தெரியும். ஃப்யூஸ் கட்டைக்குத் தள்ளுகிற மாதிரியே தள்ளச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது." உங்கள் அம்மா சொன்ன மாதிரியேதான் வந்தது. வண்டி விழுந்தது, வாத்து உடைந்தது, இப்படிக்கு.

முதலாளி படித்தார். சிவப்புக் கோடு எதுவும் போடவில்லை.

"கொட்டாய்க்குப் போவ வேணாம். ஆனா கொரல் இனிமே கருவேப்பிலங்குறிச்சிக்காரன் குடுக்கட்டும். நீ தள்ளு, போதும்." பிறகு சூப்பர்வைசரிடம், "சரக்கு மாறுனா தள்ளுறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லு. இந்தக் கோப்பைய நான் பாக்கல" என்றார்.

ஆக, பல வருடப் பதவி அரை மணி நேரத்தில் போயிற்று. கை கொடுக்கவில்லை. டீயும் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் நல்லூர்க்காரர் காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னா மச்சான் ஆச்சி?"

"கொரல் போயிடுச்சி."

"தொண்ட நல்லாத்தான இருக்குது?"

"குறிச்சிக்குக் குடுத்துட்டாங்க."

"அந்தாளுக்கா? அவரு ‘தோளக் குடு’ன்னா நமக்கு யாரோ பந்தியில கூட்டுப் பொரியல் கேக்குற மாதிரியில்ல இருக்கும்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், சூளை வாசலில் நின்ற குறிச்சிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அன்று மதியம் அவர் கொடுத்த முதல் குரலுக்கு நாங்கள் மூன்று பேரும் மூன்று நேரத்தில் தள்ளினோம். அடுத்த குரலுக்கு இரண்டு நேரத்தில். சாயங்காலத்துக்குள் ஒரே நேரமாகிவிட்டது. நான் இல்லாவிட்டால் அந்த வண்டி நகராது என்று உங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதையும் இத்தோடு திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், "கொட்டாய் இல்ல" என்று மட்டும்தான் சொன்னேன். உங்கள் அம்மா உலை வைக்கப் போனாள். நீங்கள் இருவரும் மிச்சத்தை நீங்களே இட்டு நிரப்பிக்கொண்டீர்கள். பெரியவளே, உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டு போன காரியத்தில்தான் தப்பு.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னாலேயே போய்விட்டேன். உடைந்ததற்குப் பதிலாக அடுக்கிய வண்டி தண்டவாளத்தில் தயாராக நின்றது. ஒருவரும் வந்திருக்கவில்லை. மேல் பெட்டி ஒன்றின் மூடியை விலக்கி உள்ளே பார்த்தேன். மூடியைச் சரியாக வைத்தேன். ஜன்னல் விளிம்பில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வந்தேன். மூன்று தோள்களும் சாய்கிற இரும்புத் தகட்டில், தள்ளுகிறவன் கண்ணுக்கு நேராக, ‘வாத்து’ என்று எழுதினேன். கடைசி எழுத்தில் புள்ளி சரியாக விழாத மாதிரி தோன்றியது. பிறகுதான் வாத்துக்குப் புள்ளி கடைசி எழுத்தில் இல்லை, நடுவில் என்று நினைவு வந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு, மறுபடி பெரிதாக எழுதினேன்.